சார்லட்டில் வீடு பார்க்கும் முன் இந்த இரண்டு வரைபடங்களையும் திறந்து பாருங்கள்

இலவசமாகக் கிடைக்கும் இரண்டு இணையச் சேவைகளைப் பற்றிய விமர்சனம் இது. ஒன்று, ரிச்மண்ட் பல்கலைக்கழகம் நடத்தும் மேப்பிங் இனிக்வாலிட்டி. இன்னொன்று, ஹார்வர்டில் இருக்கும் ஆப்பர்சூனிட்டி இன்சைட்ஸ் குழுவும் அமெரிக்க சென்சஸ் அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட ஆப்பர்சூனிட்டி அட்லஸ். வடக்கு கரோலினாவின் சார்லட் நகரத்தில் வீடு தேடிய காலத்தில் இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன், வீடு வாங்கிக் குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

சார்லட்டுக்கு வங்கி வேலை, ஐ.டி. வேலை என்று வந்து சேரும் தமிழர்கள் வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஏரியாவில் ஸ்கூல் நன்றாக இருக்கும் என்பதுதான். வீடு விற்கும் தளங்கள் அதற்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண்ணைக் காட்டிவிடும். நகரத்தின் தென்கிழக்குப் பக்கம் மட்டும் ஏன் அந்த எண் உயரமாக நிற்கிறது, மேற்கிலும் வடக்கிலும் ஏன் அப்படித் தாழ்ந்து கிடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளூரில் இதற்குப் பெயரே உண்டு, பணக்காரத் தென்கிழக்கை ஆப்பு என்றும் அதைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஏழைப் பகுதிகளைப் பிறை என்றும் சொல்வார்கள். இந்த ஆப்பும் பிறையும் தானாக விளைந்தவை அல்ல, ஆட்கள் மேசையில் உட்கார்ந்து எழுதியும் வரைந்தும் உண்டாக்கியவை. அதை நம் கண்ணாலேயே பார்க்க வைப்பதுதான் இந்த இரண்டு சேவைகளின் பெரிய பலம்.

முதலில் மேப்பிங் இனிக்வாலிட்டி. 2016இல் வந்தது, பிறகு இன்னும் பல நகரங்களைச் சேர்த்துப் புதுப்பித்தார்கள். விஷயம் இதுதான்: பெருமந்தக் காலத்தில், 1933இல், ரூஸ்வெல்ட் அரசு ஹெச்.ஓ.எல்.சி. என்ற கடன் கழகத்தை உருவாக்கியது. வேலை போய்த் தவணை கட்ட முடியாமல் வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களுக்கு மறுகடன் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் வேலை. பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் அப்படிக் கடன் கொடுத்தார்கள். அப்புறம் 1935க்கும் 1940க்கும் நடுவே 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு ஆட்களை அனுப்பி, உள்ளூர் வங்கிக்காரர்களையும் வீட்டுத் தரகர்களையும் விசாரித்து, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மதிப்பெண் போட்டு வரைபடம் வரைந்தார்கள். ஏ என்றால் பச்சை, மிகச் சிறந்தது. பி நீலம். சி மஞ்சள், சரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். டி என்றால் சிவப்பு, ஆபத்தானது. அமெரிக்காவில் ரெட்லைனிங், அதாவது குடியிருப்பவர்களின் இனத்தைப் பார்த்து ஒரு பேட்டைக்கே கடன் மறுப்பது, என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவது இந்தச் சிவப்புதான்.

தளத்தில் ஊர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இன்றைய தெரு வரைபடத்தின் மேல் அந்தப் பழைய வண்ணக் கட்டங்கள் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் தினமும் கார் ஓட்டிப் போகும் சாலை அப்போது எந்த நிறத்தில் இருந்தது என்று நொடியில் தெரியும். அதைவிட முக்கியம், பல நகரங்களில் ஒரு கட்டத்தைத் தொட்டால் மதிப்பீட்டாளர்கள் நிரப்பிய படிவம் திறக்கிறது. வீடுகளின் வயது, வாடகை, விலை, குடியிருப்பவர்களின் தொழில் எல்லாம் இருக்கும். அதே படிவத்தில், அதே எழுத்தில், கறுப்பர்கள் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம், வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர், யாருடைய 'ஊடுருவல்' நடக்கிறது என்றும் கேள்விகள் இருக்கும். கூரை ஒழுகுகிறதா என்று கேட்கும் அதே தொனியில், ஒரு மனிதக் கூட்டம் பக்கத்தில் இருப்பதையும் சொத்துக்கு நேர்ந்த சேதமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மாலையில் தொடர்ந்து நாலைந்து படிவங்களைப் படித்தால் போதும், மனசு கனத்துவிடும். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள், இந்தத் தளத்தில் பார்க்க வேண்டியதே அதுதான்.

சார்லட்டைத் திறந்தால் மையர்ஸ் பார்க் பச்சையில் இருக்கும். 1911இல் ஜான் நோலன் என்ற நகரத் திட்டக்காரர் வடிவமைத்த பேட்டை, ஓக் மரங்கள் இருபுறமும் வளைந்து கூடாரம் போட்ட தெருக்கள், இன்றைக்கும் நகரத்தின் விலை உயர்ந்த முகவரிகளில் ஒன்று. அங்கே பழைய வீட்டுப் பத்திரங்களில் காக்கேசிய இனத்தவர் மட்டுமே இதற்கு உரிமையாளராகவும் குடியிருப்பவராகவும் இருக்கலாம் என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. 1968இன் வீட்டுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவை முழுக்கச் செல்லாதவை. ஆனாலும் பழைய பத்திரங்களில் அந்த வரி அப்படியே கிடக்கிறது. நாம் ஏதோ வேடிக்கை பார்க்கும் மூன்றாம் மனிதர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியர்கள் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் இல்லை என்று இதே உச்ச நீதிமன்றம் 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. அன்றைக்கு நாம் இங்கே வந்திருந்தால் மையர்ஸ் பார்க்கில் வேலைக்காரராகத்தான் படியேறியிருப்போம்.

நகரின் மையத்தை ஒட்டிய செகண்ட் வார்டில் புரூக்ளின் என்ற கறுப்பர் பேட்டை இருந்தது. அது சிவப்பு. தேவாலயங்கள், கடைகள், டாக்டர்கள், ஊரின் முதல் கறுப்பர் உயர்நிலைப் பள்ளி எல்லாம் அங்கேதான். ஓட்டை வீடுகளும் இருந்தன, அதை யாரும் மறுக்கவில்லை. பழுது பார்க்கக் கடன் கிடைக்காத இடத்தில் வீடுகள் வேறெப்படி இருக்கும்? 1960களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அரசுப் பணத்தைக் கொண்டு அதை இடித்தார்கள். 1,000க்கும் மேற்பட்ட குடும்பங்களும் 200க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் வெளியேற்றப்பட்டன. இடித்த இடத்தில் அரசு அலுவலகங்களும் பூங்காவும் சாலையும் வந்தன, அந்தக் குடும்பங்களுக்கு வீடு வரவில்லை. உரிமையாளர் என்று இருந்த சிலருக்குக் கொஞ்சம் இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்களும் வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தியவர்களும் ஏற்கெனவே நெரிசலாக இருந்த மேற்கு, வடக்குப் பகுதிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். இன்றைய பிறையில் ஒரு பகுதி அப்படி வந்தது. ரிச்மண்டின் அதே குழு ரினியூயிங் இனிக்வாலிட்டி என்று இன்னொரு தளமும் வைத்திருக்கிறது, நகரச் சீரமைப்பில் எந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் வெளியேறின என்று அதில் பார்க்கலாம். மூன்றாவதாக அதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் தளத்தில் எனக்கு இருக்கும் குறை. இந்த வரைபடத்தால்தான் கறுப்பர்களுக்குக் கடன் மறுக்கப்பட்டது, இதுவே எல்லாவற்றுக்கும் வேர் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். தளத்தின் கட்டுரைகள் கவனமாக எழுதப்பட்டவைதான், ஆனால் வண்ணங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களுக்கு அந்த எண்ணமே மிஞ்சும். விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. ஹெச்.ஓ.எல்.சி. தன் கடன்களில் பெரும்பாலானவற்றைக் கொடுத்து முடித்த பிறகே இந்த வரைபடங்களை வரைந்தது, கறுப்பர்களுக்கும் கடன் கொடுத்திருந்தது. சிவப்புக் கட்டங்களில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வெள்ளையர்கள், அதேசமயம் கறுப்பர் பேட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பில் விழுந்தன. ஏற்கெனவே விலை விழுந்திருந்த இடங்களைத்தான் இந்தப் படம் பதிவு செய்தது, படம் விலையைக் குறைக்கவில்லை என்று வாதிடும் பொருளாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இல்லை, எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டால் கோட்டால் வந்த பாதிப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது தெரிகிறது என்று சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது தரப்பு சொல்வது அதிகம் பொருந்தி வருகிறது, ஆனால் முதல் குற்றவாளி ஹெச்.ஓ.எல்.சி. இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் குற்றவாளி எஃப்.ஹெச்.ஏ., வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் மத்திய அரசு அமைப்பு. ஆமாம், குறைந்த டவுன் பேமென்ட்டில் வீடு வாங்க இன்று பலர் நாடும் அதே எஃப்.ஹெச்.ஏ.தான். 1934இல் தொடங்கியது. அதற்கு முன்னால் வீட்டுக் கடன் என்றால் பாதி விலையைக் கையிலிருந்து கட்டி, மீதியை ஐந்து பத்து வருடத்தில் அடைக்க வேண்டும். அரசே கடனுக்கு உத்தரவாதம் தந்ததால்தான் இருபது முப்பது வருடக் கடன் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியது. அந்த உத்தரவாதத்துக்கான கையேட்டில், பேட்டைக்குள் வேறு இனத்தவர் வருவது ஆபத்து, பத்திரத்தில் இன நிபந்தனை இருப்பது நல்லது என்று எழுதி வைத்தார்கள். டெட்ராய்ட்டில் 1941இல் ஒரு கட்டுநர் கறுப்பர் பேட்டையை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்டப் போனார். உத்தரவாதம் கிடைப்பதற்காக நடுவில் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவரே எழுப்பினார், கடன் கிடைத்தது. எட்டாவது மைல் சாலைக்குத் தெற்கே அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. எஃப்.ஹெச்.ஏ. தனக்கென்று வரைந்த வரைபடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அதனால் இந்தத் தளத்தில் தெரிவது நடந்ததில் ஒரு பாதிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வாங்கும் பேலன்டைன் மாதிரிப் பகுதிகளைத் தேடினால் இந்தத் தளத்தில் ஒன்றுமே இருக்காது, வெறும் காலி. 1930களில் அது விவசாய நிலம். காலியாக இருப்பதால் அந்த இடத்துக்கு இந்தக் கதையில் பங்கில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போருக்குப் பிறகு புறநகர் என்ற முறையே எஃப்.ஹெச்.ஏ.வும் ராணுவ வீரர்களுக்கான கடன் உத்தரவாதமும் சேர்ந்து வளர்த்தது. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைச் சுமார் 8,000 டாலருக்கு விற்றார்கள், கறுப்பர்களுக்கு விற்கவில்லை. அன்று அந்த விலைக்கு வாங்கியவர் பேரப்பிள்ளைகளைக் காலேஜில் படிக்க வைக்க அந்த வீட்டின் மேல் கடன் எடுக்கலாம், தொழில் தொடங்கலாம், விற்று அடுத்த வீட்டுக்குப் போகலாம். வாங்க விடாமல் தடுக்கப்பட்டவர் அதே வருடங்களில் வாடகை கட்டினார். 2022இல் வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பர் குடும்பங்களுடையது 44,900 டாலர். சம்பள வித்தியாசத்தை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது.

சரி, இரண்டாவது சேவைக்கு வருவோம். ஆப்பர்சூனிட்டி அட்லஸ் 2018 அக்டோபரில் வந்தது. இதன் முன்னணி ஆய்வாளர் ராஜ் செட்டி, டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா வந்தவர். 1978க்கும் 1983க்கும் இடையே பிறந்த சுமார் 2 கோடி பேரை, பெயர் நீக்கிய வரிப் பதிவுகளையும் சென்சஸ் பதிவுகளையும் இணைத்து, சிறுவயதில் எந்தப் பேட்டையில் வளர்ந்தார்கள், முப்பதுகளின் நடுவில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். நாடு முழுக்க சுமார் 70,000 சென்சஸ் டிராக்ட்டுகள், அதாவது கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகள், ஒவ்வொன்றிலும் சராசரியாக 4,200 பேர். இன்று அங்கே யார் வசிக்கிறார்கள் என்பது இங்கே கணக்கில்லை. அங்கே வளர்ந்த குழந்தை, இப்போது எங்கே இருந்தாலும், என்ன ஆனது என்பதுதான் கணக்கு. வேறெந்தப் பொதுச் சேவையிலும் இவ்வளவு நுணுக்கமாக இதை நான் பார்த்ததில்லை.

பயன்படுத்துவது எளிது. முகவரியைத் தட்டுங்கள், இடப்பக்கம் பெற்றோர் வருமானம் குறைவா நடுத்தரமா அதிகமா என்று தேர்ந்தெடுங்கள், பிறகு இனம், பால். வருமானம் குறைந்தால் சிவப்பு, கூடினால் நீலம். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்தால் வருடத்துக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று காட்டும். சிறைக்குப் போனவர்கள் விகிதம், காலேஜ் முடித்தவர்கள் விகிதம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை, இரண்டு தளங்களிலும் சிவப்பு வருவதால் குழம்பாதீர்கள். முதல் சிவப்பு அதிகாரிகள் கொடுத்த மதிப்பெண், இரண்டாவது சிவப்பு குழந்தைகளின் பிற்காலச் சம்பளம். நீங்களாகப் பொருத்திப் பார்க்கும்போதுதான் எங்கே இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, எங்கே விலகுகின்றன என்று தெரியும்.

சார்லட்காரர்களுக்கு இந்தக் குழுவின் பெயரைக் கேட்டாலே கொஞ்சம் வலிக்கும். 2014இல் இவர்கள் வெளியிட்ட முந்தைய ஆய்வில், வருமானத்தில் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு சான் ஹோசேயில் 12.9 சதவீதம், சார்லட்டில் 4.4 சதவீதம். 50 பெரிய நகரப் பகுதிகளில் கடைசி. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகம் இருக்கும் ஊர், வானளாவிய கட்டடங்கள் எழுந்துகொண்டே இருக்கும் ஊர், வெளியூரிலிருந்து எங்களைப் போன்றவர்களை வேலை கொடுத்து அழைத்துக்கொண்டே இருக்கும் ஊர், தன் ஏழைப் பிள்ளைகளை ஏற்றிவிடுவதில் கடைசி. அட்லஸ் வெளிவந்தபோது அதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது: பக்கத்தில் வேலைகள் பெருகுவது ஒரு பேட்டைக் குழந்தைகளை அவ்வளவாக உயர்த்துவதில்லை, அந்தப் பேட்டையிலேயே வேலைக்குப் போகும் பெரியவர்கள் சூழ வளர்வதுதான் உயர்த்துகிறது. அதுவும் அரை மைல், முக்கால் மைல் வட்டத்துக்குள். உயரமான வங்கிக் கட்டடம் ஜன்னலிலிருந்து தெரிவதால் ஒரு பையனுக்கு அங்கே வேலை கிடைத்துவிடாது. அங்கே வேலை பார்க்கும் யாரையாவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிரித்து வைப்பது அந்த வழியைத்தான் அடைக்கிறது.

ஊர் அதிர்ச்சியடைந்து ஒரு பணிக்குழு போட்டது, அந்தக் குழு 2017இல் தந்த அறிக்கையில் எல்லாவற்றையும் ஊடுருவி நிற்கும் காரணமாக இனப் பிரிவினையைச் சொன்னது. இதில் மனதை அறுக்கும் விஷயம், இதே சார்லட்தான் ஒரு காலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்தது. 1971இல் ஸ்வான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகு, கறுப்பர் பேட்டைப் பிள்ளைகளையும் வெள்ளையர் பேட்டைப் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றிக் கலந்து படிக்க வைத்தார்கள். அதற்காக வாதாடிய வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் வீட்டிலும் அலுவலகத்திலும் குண்டு வைத்தார்கள், ஆனாலும் திட்டம் தொடர்ந்தது. நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு வழக்கில் அது முடித்து வைக்கப்பட்டது. 2002இல் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கே திரும்பினார்கள். வீடுகள் பிரிந்து இருந்ததால் பள்ளிகளும் பிரிந்தன. மதிப்பெண் இடைவெளி கூடியது, ஏழைப் பகுதிப் பையன்கள் குற்ற வழக்குகளில் சிக்குவது கூடியது என்று பின்னாளில் வந்த ஆய்வு காட்டுகிறது. பத்துக்கு இத்தனை என்று நாம் நம்பி வீடு வாங்கும் பள்ளி எண்களுக்குப் பின்னால் இந்த வரலாறுதான் இருக்கிறது. அந்த எண் ஆசிரியரின் திறமையை அளப்பதைவிட, அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீட்டு வசதியைத்தான் அதிகம் அளக்கிறது.

அட்லஸ் தரும் இன்னொரு முக்கியமான பாடம், ஏழைப் பேட்டைகள் எல்லாம் ஒன்று இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதியில் மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களில் வளர்ந்த கறுப்பின ஆண்களில் 44 சதவீதம் பேர், 2010 சென்சஸ் நாளான ஏப்ரல் 1 அன்று, சிறையில் இருந்தார்கள். வெறும் 2.3 மைல் தள்ளி, காம்ப்டன் நடுப்பகுதியில், அதே அளவு வருமானக் குடும்பங்களில் வளர்ந்தவர்களில் இது 6.2 சதவீதம். இதைப் பார்த்த பிறகு அந்த ஏரியாவே அப்படித்தான், அந்த ஆட்களே அப்படித்தான் என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. ஒரே இனம், ஒரே வறுமை, சில மைல் தூரம், இப்படி வேறுபட்ட வாழ்க்கை. அதேபோல் இடம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இந்தத் தரவு சொல்லவில்லை. ஒரே டிராக்ட்டில், ஒரே வருமானக் குடும்பங்களில் வளர்ந்தாலும், 99 சதவீத இடங்களில் கறுப்பினப் பையன்கள் வெள்ளையினப் பையன்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே திரையில் பார்க்க முடிவது பெரிய விஷயம்.

இது வெறும் படம் காட்டும் சேவை இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. சியாட்டிலில் அரசு வாடகை உதவிச் சீட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, இந்தத் தரவு நல்லது என்று காட்டும் பேட்டைகளில் வீடு தேட ஆள் வைத்து உதவினார்கள், வீட்டுக்காரரிடம் பேசினார்கள், முன்பணத்துக்குக் கைகொடுத்தார்கள். அப்படிப்பட்ட பேட்டைகளுக்குக் குடியேறியவர்கள் 15 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாக உயர்ந்தார்கள். ஏழைகள் தாங்களே விரும்பித்தான் அங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அட்லஸின் குறைகள் என்று பார்த்தால், பெரிய குறை காலம். 1980களிலும் 90களிலும் வளர்ந்த பிள்ளைகளின் கணக்கு இது. பேலன்டைன் உருவாகத் தொடங்கியதே 1990களின் நடுவில். ஆகவே அந்தக் கட்டத்தில் தெரியும் எண், இன்றைய சப்டிவிஷன்கள் என்ற வீட்டுக் குடியிருப்புகள் வருவதற்கு முன் அங்கே வளர்ந்த சிலரைப் பற்றியது. அதைப் பார்த்துத் தன் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிப்பதில் அர்த்தமில்லை. ஆசியர் என்று தேர்ந்தெடுத்தால் சார்லட்டில் பெரும்பாலும் தரவே வராது, அன்று அவ்வளவு பேர் இல்லை. குறைந்த ஆட்கள் இருக்கும் டிராக்ட்டுகளில் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, அந்த எச்சரிக்கை இன்னும் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. போனில் பார்ப்பது சிரமம், லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும். அப்புறம், இந்தக் குழு 2024இல் வெளியிட்ட புதிய ஆய்வில் 1992இல் பிறந்தவர்கள் வரை சேர்த்தபோது, ஏழைக் குடும்பத்துக் கறுப்பர் வெள்ளையர் இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, சார்லட்டும் 50ஆம் இடத்திலிருந்து 38க்கு ஏறியிருக்கிறது. நிலைமை மாறக்கூடியதுதான் என்பதற்கு அதுவே ஆதாரம். அட்லஸை மட்டும் பார்த்துவிட்டு நிற்கிறவர்கள் அந்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்மவர்களிடம் நேராக ஒன்று சொல்கிறேன். வீடு தேடியபோது ஒரு ஏஜென்ட் மேற்குப் பக்கம் கைகாட்டி, அது உங்களுக்குச் சரிப்படாது என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 1968இன் வீட்டுரிமைச் சட்டப்படி இனத்தை வைத்து இப்படித் திருப்பிவிடுவது சட்டவிரோதம். ஆனால் அதே வேலையை நம் வாட்ஸ்அப் குழுக்களில் நாமே இலவசமாகச் செய்கிறோம். அந்தப் பக்கம் வேண்டாம், கூட்டம் சரியில்லை, ரீசேல் கிடைக்காது. புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு இப்படி எழுதுகிறவர் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் அந்தப் படிவத்தை நிரப்பியவர் எழுதியதையே தமிழில் எழுதுகிறார். சப்டிவிஷன் பக்கத்தில் குறைந்த வாடகை அடுக்குமாடி வரப்போகிறது என்றால் எதிர்ப்பு மனுவில் முதலில் விழும் கையெழுத்துகளில் நம் பெயர்களும் இருக்கின்றன. 2024 நவம்பரில் மலிவு விலை வீடுகளுக்காக 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு சார்லட் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த வீடுகள் எங்கே கட்டப்படும் என்பதுதான் அடுத்த சண்டை. பிறைக்குள்ளேயே கட்டினால் பழைய கோட்டை இன்னும் அழுத்தி வரைந்ததாகத்தான் ஆகும், ஆப்புக்குள் கட்டினால்தான் அந்தப் பணத்துக்கு மதிப்பு. அந்தக் கூட்டங்களுக்குப் போகும் தமிழர்கள் இந்த இரண்டு படங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

மதிப்பெண் என்று கேட்டால், மேப்பிங் இனிக்வாலிட்டிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், எஃப்.ஹெச்.ஏ.வின் பங்கைப் படத்தின் மேலேயே இன்னும் உரக்கச் சொல்லாததால் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஆப்பர்சூனிட்டி அட்லஸுக்கு நான்கு. இரண்டுக்கும் காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இரண்டிலுமே தரவைக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே திரையில் அடுக்கிப் பார்க்கும் வசதி எதிலும் இல்லை. கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் ஜி.ஐ.எஸ். தெரிந்தவர்கள் கியூஜிஐஎஸ் மாதிரி இலவச மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் போட்டால் அரை மணி நேரத்தில் உங்கள் ஊருக்குச் செய்துவிடலாம், தெரியாதவர்கள் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். முதலில் பழைய படத்தில் சிவப்புக் கட்டம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அட்லஸில் அதே இடத்துக்குப் போய், பெற்றோர் வருமானத்தைக் குறைவு என்று வைத்து, இனத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள், பிறகு பச்சைக் கட்டத்துக்கு வந்து அதையே திரும்பச் செய்யுங்கள்.